சேத்துல இறங்குறவங்க எலிக்காய்ச்சல்ல மாட்டாம இருக்க என்ன பண்ணலாம்

எலிக்காய்ச்சல்னு சொன்னாலே "எங்களை எந்த எலியும் கடிக்கலையே"ன்னு தான் முதல்ல சொல்றாங்க. கடிக்கவே வேணாங்க. லெப்டோஸ்பைரா இன்டெரோகன்ஸ்னு ஒரு பாக்டீரியா, எலியோட கிட்னிக்குள்ள குடும்பம் நடத்திட்டு இருக்கும், எலிக்கு ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும், ஆனா போற எடமெல்லாம் மூத்திரத்துல கிருமியை விட்டுட்டே போகும், மழைத்தண்ணி அதை அடிச்சிட்டு வந்து வாய்க்கால், வயல், தெருன்னு சேர்த்துடும். ஈர மண்ணுல வாரக்கணக்குல தாங்கும், காஞ்சு போனா செத்துடும். (நுனி வளைஞ்சு கேள்விக்குறி மாதிரி இருக்குறதால தான் 1907ல அதுக்கு இன்டெரோகன்ஸ்னு பேர் வந்துச்சு.)

அப்ப நம்ம உடம்புக்குள்ள எப்படி வருதுன்னா, பெரும்பாலும் கால் வழியா தான். சேத்துப்புண்ணு, பித்தவெடிப்பு, வரப்புல கல்லு கீறுனது, எதுவா இருந்தாலும் அதுக்கு வாசக்கதவு மாதிரி. ரொம்ப நேரம் தண்ணில நின்னு ஊறிப்போன தோலே போதும். கண்ணு, மூக்கு, வாய் வழியாவும் போகும். அதனால எலியைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க காலைப் பாருங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

வேலைக்கு இறங்குறதுக்கு முன்னாடி விரலிடுக்கு, குதிகால் ரெண்டையும் வெளிச்சத்துல நல்லா பாருங்க. சின்ன புண்ணுன்னா தண்ணி போகாத பிளாஸ்டர் ஒட்டுங்க, பெரிய புண்ணுன்னா ஆறுற வரைக்கும் வேற வேலை பாருங்க. ரப்பர் பூட்ஸ் போடுங்கன்னு எல்லா நோட்டீஸ்லயும் எழுதியிருப்பாங்க, எழுதுனவங்க பூட்ஸ் போட்டு ஒரு தடவை நடவு நட்டுப் பார்க்கட்டும், கால் வரும் பூட்ஸ் வராது. ஆனா சாக்கடை அள்ளுறப்ப, தெருவுல தேங்குன தண்ணில நடக்குறப்ப, மாட்டுக்கொட்டகை கழுவுறப்ப பூட்ஸும் கையுறையும் கண்டிப்பா போடுங்க. நடவு களைக்கு அது முடியாதுன்னா நடுநடுவுல கரையேறுங்க, வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணில சோப்பு போட்டு கழுவி விரலிடுக்குல ஈரமில்லாம துடைங்க. வாய்க்கால் தண்ணில மூஞ்சி கழுவி வாய் கொப்பளிக்கிற பழக்கத்தை விட்டுடுங்க, சேத்துக் கையோட வெத்தலை போடுறதையும் தான்.

மாத்திரை விஷயம் நிறைய பேருக்கு தெரியல. வாராவாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை, ஆபத்து அதிகமான சமயத்துல முன்கூட்டியே குடுக்குறது உண்டு. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல இதைப் பெரிய அளவுல குடுத்தாங்க, இலங்கை 2008ல 7000 பேருக்கு மேல எலிக்காய்ச்சல் சந்தேகத்துல பதிவான நாடு, அங்க சுகாதாரத்துறையே நெல் விவசாயிங்களுக்கு இதைக் குடுக்குது. மாத்திரை போட்டாச்சுன்னா ஒண்ணும் வராதுன்னு அர்த்தம் கிடையாது, ஓரளவு தான் காப்பாத்தும். மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் நிறைய தண்ணியோட போடணும், போட்டதும் படுக்கக் கூடாது, பாலோட சேர்த்து வேணாம்.

வீட்டுக்குள்ள வெள்ளம் வந்து வடிஞ்சிருந்தா, சேத்தை வெறுங்கையால அள்ளாதீங்க. கழுவிட்டு பிளீச்சிங் போட்ட தண்ணியை ஊத்தி கொஞ்ச நேரம் ஊற விட்டு, அப்புறம் நல்லா காய விடுங்க. குடிதண்ணியை கொதிக்க வச்சு குடிங்க, சோறு குழம்பை மூடி வைங்க.

வயல்ல எலியைக் குறைக்க தஞ்சாவூர் கிட்டி (மூங்கில்ல செஞ்ச எலிப்பொறி) இன்னும் நல்லா வேலை செய்யுது. வரப்பை அகலமா விட்டா அது எலிக்கு வீடு கட்டிக் குடுக்குற மாதிரி, ஒடுக்கமா வெட்டுங்க. ராத்திரி ஆந்தை உக்கார நாலு குச்சி நடுங்க. செத்த எலியை கையால தொடாம ஆழமா புதைங்க. நாய் வளர்த்தா அதுக்கு லெப்டோ ஊசி வருஷா வருஷம் போடணும், ஏன்னா நாயும் பரப்பும்.

இதையெல்லாம் பண்ணியும் காய்ச்சல் வரலாம். எங்க சித்தப்பாவுக்கு நடவு முடிஞ்சு ஒன்பது நாள் கழிச்சு வந்துச்சு, குளிர் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதையைத் தொட்டா கத்துறார், வயல்ல குனிஞ்ச வலின்னு நெனச்சு வலி ஊசி போட்டுட்டு வந்துட்டார், கண்ணு செவந்து கெடந்துச்சு, ஆனா பீளை இல்ல, அதை யாரும் கண்டுக்கல. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு, சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம், ரெண்டு நாள்ல திரும்ப வந்து கண்ணு மஞ்சளாயிடுச்சு, ஒண்ணுக்கு குறைஞ்சு போச்சு. பெரிய ஆஸ்பத்திரில டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "தண்ணில எறங்குனீங்களா, எப்போ?" தான். பன்னெண்டு நாள் பெட்ல இருந்து பொழைச்சு வந்தார்.

அதனால தண்ணில இறங்குன தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க. பொதுவா 5ல இருந்து 14 நாளைக்குள்ள காய்ச்சல் தெரியும், சிலருக்கு ஒரு மாசம் வரைக்கும் ஆகலாம். காய்ச்சல் வந்தா டாக்டர் கேட்கலைன்னாலும் அந்தத் தேதியை நீங்களே சொல்லுங்க. ஆரம்பத்துலயே ஆன்டிபயாடிக் குடுத்தா சுலபமா அடங்குற நோய் இது, சந்தேகம் வலுவா இருந்தா டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காமலே ஆரம்பிப்பாங்க. வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதீங்க, அது கிட்னியைக் கெடுக்கும், இந்தக் கிருமியும் அங்க தான் கை வைக்கும். முதல் வாரத்துல எடுக்குற ஐஜிஎம் ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வரலாம், கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் பொருளைத் தான் அதுல தேடுறாங்க, அது ரத்தத்துல தெரிய அஞ்சாறு நாளாவது ஆகும், அதனால காய்ச்சல் நிக்கலைன்னா இன்னொரு தடவை எடுக்கணுமான்னு கேளுங்க. கண்ணு மஞ்சள், ஒண்ணுக்கு குறையுறது, இருமல்ல ரத்தம், மூச்சு வாங்குறது, இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா விடியட்டும்னு இருக்காம ராத்திரியே 108க்கு போன் போடுங்க.