மாணவர்களோடு மலையேற்றம்: மூன்று இடத்தில் நின்றால் போதும்

முதல் முறை மாணவர்களை மலைக்கு அழைத்துப்போனபோது, நாற்பது பெயர் கொண்ட பட்டியலைக் கையில் கொடுத்திருந்தேன். பறவை, மரம், பூச்சி என்று எல்லாம் இருந்தன. உச்சியில் வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் டிக் அடித்திருந்தார்கள். எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. அப்புறம் பட்டியலையே விட்டுவிட்டேன். இப்போது ஒரே வேலைதான்: அடிவாரம், பாதி வழி, உச்சி ஆகிய மூன்று இடங்களில் ஒரே மாதிரி அளந்து ஒப்பிடுவது.

படி 1: முதலில் நீங்கள் நடந்து பாருங்கள்

பெற்றோர் சம்மதம், வனப்பகுதி என்றால் அனுமதி, இரண்டையும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு பாதையில் ஒரு முறை நடந்து, எல்லோரும் உட்காரக்கூடிய, சரிவு ஓரமில்லாத மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன வழி இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 1 மணி நேரம். 4 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 + 30 = 78 நிமிடம். இது நன்றாக நடக்கும் பெரியவர்களின் கணக்கு. மாணவர்கள் என்றால் நான் ஒன்றரையால் பெருக்கிக்கொள்வேன், ஏறக்குறைய 2 மணி நேரம். மூன்று இடத்திலும் அரை அரை மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் நண்பகலில் கீழே வந்துவிடலாம்.

படி 2: பை

தண்ணீர், மழைக்கோட்டு, தின்பண்டம், விசில், முதலுதவிப் பெட்டி. படிப்புக்கு 4 மீட்டர் கயிறு, கைலென்ஸ், வெப்பமானி, பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து கரைந்துவிடும்.

படி 3: நடை

முன்னால் ஒரு ஆசிரியர், கடைசியில் ஒருவர். மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, அந்தப் பிள்ளை வந்து சேரும்போது எழுந்து கிளம்புவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு ஓய்வே கிடைக்காது. காலில் சுரீரென்று எரிந்தால் உடனே சொல்ல வேண்டும். கொப்புளம் வருமுன் பிளாஸ்டர் ஒட்டிவிடலாம். வழி தவறினால் தேடி அலையாமல், நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊத வேண்டும்.

படி 4: சதுரம்

கயிற்றை விரித்து 1 மீட்டர் சதுரம் போடுங்கள். உள்ளே எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணட்டும். கைலென்ஸைக் கண்ணருகே வைத்துக்கொண்டு முகத்தைப் பொருளிடம் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலானவர்கள் கையை நீட்டிப் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்திருக்கும் லைக்கன்களைக் கட்டாயம் காட்டுங்கள். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர் அது. பல வகைகள் கந்தகப் புகையைத் தாங்காது. எதையும் பறிக்கக் கூடாது. புரட்டிய கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும்.

வெப்பநிலையில்தான் நான் ஏமாந்தேன். உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும், 300 மீட்டருக்கு ஏறக்குறைய 2 டிகிரி. ஆனால் எங்களுக்கு உச்சியில்தான் அதிகம் காட்டியது! காரணம் எளிது: கீழே அளந்தது 7 மணிக்கு, மேலே அளந்தது 10 மணிக்கு. இடையில் வெயில் ஏறிவிட்டது. ஆகவே அடிவாரத்தில் ஒரு ஆசிரியரை வெப்பமானியோடு நிறுத்தி, இரு இடத்திலும் ஒரே நேரத்தில் நிழலில் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் இரண்டு வெப்பமானியும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 5: இடி கேட்டால் இறங்குங்கள்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடிக்கு 1 கி.மீ. என்று கொள்ளலாம். 30 விநாடி, அதாவது 10 கி.மீ. தொலைவில் இருந்தாலே ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டோம். எண்ணிக்கொண்டு நிற்காமல் இறங்கிவிடுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

படி 6: ஒரே படம்

1802இல் தென் அமெரிக்காவின் சிம்பொராசோ மலையில் ஏறிய ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையின் படத்திலேயே எழுதி 1807இல் வெளியிட்டார். மறுநாளே உங்கள் மாணவர்களும் ஒரு சார்ட்டில் மலையை வரைந்து, மூன்று உயரங்களிலும் கண்டதை எழுதட்டும். பெயர் தெரியாத செடிக்கு ‘இலை வகை 7’ என்றே போடலாம். பெயர் தேடுவதை அடுத்த வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.