வலிப்பு: சாவிக்கொத்தை விடுங்கள், செல்போனை எடுங்கள்

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் திணித்த சாவிக்கொத்துக்குத்தான் பேர் கிடைக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை கால்களை அமுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு அப்புறம் நடக்கிறது. நோயாளி மட்டும் தனியாக டாக்டரிடம் போவார். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தவர் கூடப் போக வேண்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியது, உதறல் ஒரு கையில் தொடங்கியதா, கண் திறந்திருந்ததா, எழுந்த பிறகு எவ்வளவு நேரம் குழம்பிப்போய் இருந்தார் என்பதெல்லாம் எந்த ஸ்கேனிலும் வராது. அரை நிமிட செல்போன் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் பிரேயருக்கு நின்று, கண் இருட்டி, வியர்த்து விழுந்து, இரண்டு உதறல் உதறி உடனே தெளிந்த பிள்ளைக்கு, அது வெறும் மயக்கம் என்று தெரியாமல், வலிப்பு என்று வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் உண்டு. எழுதிக்கொண்டே இருக்கும்போது பென்சில் நின்று, பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதும் பிள்ளைக்கு வலிப்பு இருக்கலாம்; அதற்குக் கிடைப்பதோ "கவனம் எங்கே?" என்ற திட்டு.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை நார்மல் என்றதும் 'வலிப்பு இல்லை' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். அது ஏறக்குறைய அரை மணி நேரத்துப் பதிவுதான். அப்போது மூளை அமைதியாக இருந்தால் பதிவிலும் ஒன்றும் தெரியாது. முந்தின இரவு தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வதே ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவரத்தான்.

மாத்திரை விஷயத்தில், "ஆறு மாசமா வரலையே" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். மாத்திரை போடுவதால்தான் வரவில்லை! பொதுவாகக் குறைந்தது இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்த பிறகுதான் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள், அதுவும் படிப்படியாக. திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பே வந்துவிடலாம்.

கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரை வேளையைத் தவறவிடும் பெண்கள் நிறைய. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்த வரியை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். வீடுகளில்தான் அது இன்னும் இருக்கிறது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கலாம். நாள் தள்ளிப்போனதும் பயந்து தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. பெரிய வலிப்பு வந்தால் தாய், குழந்தை இருவருக்கும் கெடுதல்.