குருப் பெயர்ச்சியை வைத்து வியாழனின் தூரம் கண்டுபிடிக்கலாம்

குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருஷம் இருப்பார், பன்னிரண்டு ராசியையும் சுற்றிவரப் பன்னிரண்டு வருஷம். இது வீட்டில் பாட்டிக்கும் தெரியும். வியாழன் சூரியனை எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று கணக்குப் போட இந்த ஓர் எண் போதும். என் டியூஷன் பிள்ளைகளுக்குக் கெப்ளரின் மூன்றாம் விதியை இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பஞ்சாயத்து.

கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதி இது: சுற்றுக்காலத்தின் வர்க்கம், அரை நெட்டச்சின் (கிரகம் சுற்றும் நீள்வட்டத்தின் நீளவாட்டு விட்டத்தில் பாதியின்) கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலத்தை வருஷத்திலும் தூரத்தை வானியல் அலகிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலகு என்பது சுமார் 14.96 கோடி கி.மீ., அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம். பூமிக்கு இரண்டுமே 1 என்பதால் மாறிலி என்ற தொல்லை ஒழிந்தது. 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. அதன் கனமூலம்தான் விடை.

கனமூலத்துக்கு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வேண்டாம். மளிகைக் கடைக் கல்லாவில் கிடக்கும் கால்குலேட்டரில் வர்க்கமூலப் பட்டன் இருந்தால் சரி. உத்தேசமாக 5 என்று வையுங்கள். 144-ஆல் பெருக்கி, அந்தப் பட்டனை இரண்டு தடவை தட்டுங்கள்: 5.18. அதை மறுபடி 144-ஆல் பெருக்கி இரண்டு தட்டு: 5.226. இன்னொரு முறை: 5.238. அப்புறம் 5.24-இல் வந்து நின்றுவிடும். எண் மாறாமல் நிற்கிறது என்றால், அதன் நான்காம் அடுக்கு அந்த எண்ணின் 144 மடங்குக்குச் சமம்; ஒரு மடங்கை அடித்துவிட்டால் மிஞ்சுவது கனம் = 144.

சனிக்கு ராசிக்கு இரண்டரை வருஷம், மொத்தம் 30. விடை 9.65, உண்மையில் 9.54-ஐ ஒட்டி. பஞ்சாங்கக் கணக்குக்கு இது மோசமில்லை.

செவ்வாயில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்பது சராசரியாக 780 நாளுக்கு ஒருமுறை. அதைச் சுற்றுக்காலம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் போச்சு, ஏனென்றால் பார்க்கிற நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். 1/365.25-இலிருந்து 1/780-ஐக் கழித்து, வந்ததைத் தலைகீழாக்குங்கள்: 687 நாள். வருஷத்தில் 1.881, வர்க்கம் 3.538, கனமூலம் 1.524. ஒரே ஓர் இடைவெளியை நம்பவும் கூடாது. 2022 டிசம்பர் 8-க்கும் 2025 ஜனவரி 16-க்கும் இடையே 770 நாள்தான். அதைப் போட்டால் 687-க்குப் பதில் 695 வரும். பாதை நீள்வட்டம் என்பதால் செவ்வாயின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. சூரியனிடமிருந்து அதன் தூரமும் 1.38-க்கும் 1.67-க்கும் இடையே கூடிக் குறையும். நாம் கண்ட 1.524 நீள்வட்டத்தின் நீளவாட்டு விட்டத்தில் பாதி, அவ்வளவே.

வியாழனுக்கு 12 என்பது கொஞ்சம் அதிகம். சரியான காலம் 11.862 வருஷம். வர்க்கம் 140.707, கனமூலம் 5.201. புத்தகத்தில் 5.203 என்று இருக்கும். கடைசி இலக்கம் உதைக்கிறதே என்று கேட்கும் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வியாழனின் நிறை சூரியனுடையதில் 1047-இல் ஒரு பங்கு. கெப்ளரின் விதி அதைக் கணக்கில் எடுக்கவில்லை, நியூட்டனின் திருத்தம் எடுக்கிறது. 140.707-ஐ 1 + 1/1047, அதாவது 1.000955-ஆல் பெருக்கிவிட்டுக் கனமூலம் எடுங்கள், 5.203 வரும். கிலோமீட்டரில் சுமார் 77.8 கோடி.