மனச்சோர்வு மாத்திரை: நாமாக நிறுத்துவதும் மற்ற தவறுகளும்

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்சிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் போடுவதைவிட, நிறுத்துவதில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் வாரத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு, தூக்கக் கோளாறு எல்லாம் தொடக்கத்தில் வரும். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். பலன் தெரியவோ 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு 6 வாரம்கூட. தொந்தரவு முந்திக்கொள்கிறது, குணம் பிந்தி வருகிறது. அந்த இடைவெளியில் 'இது நமக்கு ஒத்துக்கலை' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாப்பிட்ட பிறகு போட்டாலே குமட்டல் குறையலாம். தூக்கம் கெடுகிறதென்றால் காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், மனசு தெளிந்ததும் நிறுத்துவது. தெளிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள்; இல்லையென்றால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். டெல்டாவில் மாத்திரை நின்றுபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட்டூர் திறந்து நடவு தொடங்கிவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ யார் போவது? மாத்திரை தீர்ந்துபோகும். திடீரென நின்றால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரும். இதைப் பார்த்து 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம்' என்று பயப்படுகிறார்கள். அது போதைப் பழக்கம் இல்லை; அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நடவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, கூடுதல் நாளுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்த மாத்திரைகள் இலவசம். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு வருபவர்கள் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது சாதாரணம். இது எனக்குப் பெரிய கவலை. டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரி. டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் வரலாம். அதுவும் அவசர நிலைதான், 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. எதை வாங்கினாலும் 'மனச்சோர்வுக்கு மாத்திரை போடுகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். குடியும் கூடாது.

வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்புச் சத்து, அதாவது சோடியம், குறையலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் போடுபவர்களுக்கு இது இன்னும் எளிதில் நடக்கும். சோர்வு, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் 'வெயிலில் வந்த அசதி' என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும் வீட்டார் கவனிக்க வேண்டும். சிலருக்கு அமைதியின்மையும் தற்கொலை எண்ணமும் அதிகமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 முதல் எச்சரிக்கிறது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. வயல் வீடுகளில் பூச்சிமருந்து திண்ணையிலேயே கிடக்கும். அதைப் பூட்டி வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். அப்படி எண்ணம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே. தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கண்மண் தெரியாத செலவு என்று மாறினாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் இந்த மாத்திரைகளின் பக்கவிளைவுதான். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டே ரகசியமாக நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ அவரிடம் வழி இருக்கிறது.