மறுப்பு மடல் வந்த கிழமையில் செய்யக்கூடாதவை

போன கிழமை ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கைபேசியில், அவர் எழுத்தை ஏற்க முடியாதென்று இலண்டன் இலக்கிய முகவர்கள் (எழுத்தாளருக்காக நூலைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுப்பவர்கள்) அனுப்பிய ஏழு மறுப்புகள். சட்டைப்பையில் அச்சகம் எழுதிக் கொடுத்த விலை. "அண்ணே, இனி இவங்கள நம்பி வேலையில்ல. நானே அடிக்கப் போறன்" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. எழுத்துப்பிழை, முகவரின் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

கோபத்தில் அச்சகத்துக்குப் போவது

தமிழில் நேரே பதிப்பகத்துக்கு அனுப்புகிறோம். ஆங்கிலத்தில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாகவே வாங்கும். 2009இல் என் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை ஆங்கிலமாக்கி, கதைச்சுருக்கத்தோடு ஆறு முகவர்களுக்கு அனுப்பினேன். ஐந்து பேரிடமிருந்து எல்லோருக்கும் போகும் அதே வாசகம். ஆறாமவர் இரண்டு வரி கூட்டி எழுதியிருந்தார்: பையனின் குரல் பிடித்திருக்கிறது, மூன்று அத்தியாயம் முடிந்தும் கதை தொடங்கவில்லை.

முன்பின் தெரியாத ஒருவர் நேரமெடுத்து எழுதிய வரி அது. எனக்கு 'இல்லை' மட்டுமே கண்ணில் பட்டது. மனைவியின் காப்பை ஈடு வைத்து, தமிழ் மூலத்தைப் பத்தே நாளில் 500 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழாவில் பொன்னாடை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் நடந்தன. சொந்தக்காரர் கடித உறைக்குள் காசு வைத்து வாங்கிப் போனார்கள். மிச்சம் 380 பிரதியும் கட்டிலுக்குக் கீழே. 2011 ஜனவரி வெள்ளம் வீட்டுக்குள் ஏறியபோது கீழ்ப்பெட்டிகள் ஊறி, தாள்கள் பாளமாக ஒட்டிக்கொண்டன.

காசு போனது பெரிதல்ல. ஒரு பிரதியை வெயிலில் காயவைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்து வாசித்தேன். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தையும் வாவியையும் 38 பக்கத்துக்கு வர்ணித்திருக்கிறேன், பையன் இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. அந்த முகவர் சொன்னது சரி. திருத்தி எழுதிச் சென்னைப் பதிப்பகமொன்றுக்கு அனுப்பியபோது, "ஏற்கெனவே நூலாக வந்ததா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஓமென்றேன். அத்தோடு சரி. அச்சேறாத கையெழுத்துப் படிக்குத் திறக்கும் கதவு, ஒருமுறை விற்பனைக்கு வந்த நூலுக்கு இலேசில் திறக்காது. இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

கைக்காசு போட்டு நூல் அடிப்பது எங்கள் பக்கத்து வழமை, அதில் குற்றமில்லை. மறுப்பு வந்த சூட்டோடு மட்டும் போகாதீர்கள். ஆறு மாதம் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்நியன் எழுதியதைப் போல எடுத்து வாசியுங்கள்.

முகவருக்குத் திருப்பி எழுதிச் சண்டை பிடிப்பது

வேண்டாம்.

வாசிப்புக் கட்டணம் கொடுப்பது

நேர்மையான முகவர் நூலை விற்ற பிறகே தன் பங்கை எடுப்பார். அவருடைய நாட்டுக்குள் நடக்கும் விற்பனைக்கு அது வழமையாக 15 வீதம். உங்கள் எழுத்தை வாசிக்கவே முன்கூட்டிக் காசு கேட்டால் விலகிவிடுங்கள்.

பதிலுக்காகக் குந்தியிருப்பது

8 அல்லது 12 கிழமைக்குள் பதில் வராவிட்டால் மறுப்பென்றே எடுத்துக்கொள்ளும்படி பல முகவர் நிலையங்கள் முன்னமே சொல்லிவிடுகின்றன. திகதியைக் குறித்துவிட்டு அடுத்த கதையில் இறங்குங்கள்.

தம்பியின் ஏழு மடல்களையும் அன்றைக்கே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நான்காவதில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. அவர் அதை அதுவரை வாசித்திருக்கவில்லை.