ஆறு சொல்லில் ஓர் இரவு: குட்டி நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த வாழ்க்கையை ஆறு சொல்லிலோ நூறு சொல்லிலோ எழுதிப் பார்க்கலாம் என்று உட்காருகிறவர்களில் பலர், பிறந்ததிலிருந்து இன்றுவரை நடந்ததை எல்லாம் உள்ளே திணிக்கப் பார்க்கிறார்கள். "பிறந்தேன், படித்தேன், உழைத்தேன், விழுந்தேன், எழுந்தேன், வாழ்கிறேன்." ஆறு சொல் சரியாக வந்துவிட்டது. ஆனால் இது யாருடைய வாழ்க்கை? வழியில் போகிற யாருக்கும் இது பொருந்தும். எழுதியவருக்கு மட்டுமே நடந்தது என்று சொல்ல இதில் ஒன்றும் கிடையாது.

இந்த வடிவத்தைச் சுயசரிதையின் சுருக்கம் என்று நினைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. ஒரு மாலை, ஒரு அறை, ஒரு பொருள், ஒரு செயல்: அவ்வளவுதான் அதற்குள் இடம். அந்த ஒன்றை நன்றாக அருகில் போய்ப் பார்த்து எழுதினால், அதைச் சுற்றி இருந்த வாழ்க்கையை வாசகரே ஊகித்துக்கொள்வார். மற்ற தவறுகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

நான் எழுதிய ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். என் அண்ணன் விடுதிக்குப் போனதைப் பற்றி முதலில் இப்படி எழுதினேன்:

"என் அண்ணன் எனக்கு எல்லாமாக இருந்தவன். சிறு வயதில் நாங்கள் அடிக்கடி சண்டை போட்டாலும் எங்களுக்குள் ஆழமான பாசம் இருந்தது. அவன் மேற்படிப்புக்காக விடுதிக்குச் சென்றபோது என் உலகமே வெறுமையானது. பிரிவில்தான் உறவின் அருமை புரியும் என்பதை அன்று உணர்ந்தேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மையாக உணர்ந்ததுதான். ஆனாலும் மூன்று நாள் கழித்துப் படித்தபோது, இதில் என் அண்ணனைக் காணவில்லை. யாருடைய அண்ணனாகவும் இருக்கலாம். அன்றைக்கு உண்மையிலேயே என்ன நடந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டு மறுபடி எழுதினேன்:

"எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கட்டில். நடுவில் ஒரு போர்வையைச் சுருட்டிப் போட்டு எல்லை வகுத்திருந்தான். தாண்டினால் குத்து விழும். அவன் விடுதிக்குப் போன அன்று போர்வையை யாரோ உதறி மடித்து வைத்திருந்தார்கள். முழுக் கட்டிலும் எனக்குத்தான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்தேன். போர்வையை மறுபடி சுருட்டி நடுவில் போட்டேன். அப்புறம்தான் தூக்கம் வந்தது."

பாசம், வெறுமை, அருமை என்ற சொற்கள் எல்லாம் போய்விட்டன. அவற்றின் வேலையை அந்தப் போர்வை எடுத்துக்கொண்டது. குட்டி எழுத்தில் இடம் குறைவு. அதில் உணர்ச்சியின் பெயரைச் சொல்வதற்கு ஒரு சொல்லைச் செலவழித்தால், அந்த உணர்ச்சியைக் கொண்டுவரக்கூடிய பொருளுக்கோ செயலுக்கோ இடம் இல்லாமல் போகிறது. "மனம் உடைந்தேன்" என்று எழுதத் தோன்றும்போது, அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் எழுத வேண்டிய வரி.

முதல் வடிவத்தின் கடைசி வாக்கியத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிரிவில்தான் உறவின் அருமை புரியும். நினைவுக்குறிப்பின் முடிவில் ஒரு பாடத்தை வைத்துவிடும் பழக்கம் நமக்குக் கொஞ்சம் அதிகம். சின்ன வயதிலிருந்து கதை என்றால் கடைசியில் நீதி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஈரடியில் வாழ்க்கையைச் சொல்வது என்றாலே திருக்குறள் நினைவுக்கு வருவதும் இதற்கு ஒரு காரணம். ஏழே சீரில் ஒரு அறத்தைச் சொல்லி முடிக்கும் வடிவம் அது. அதைப் பார்த்து நாமும் வாழ்க்கையிலிருந்து ஒரு அறத்தைப் பிழிந்து கொடுக்க நினைக்கிறோம்.

ஆனால் அதே நூலின் காமத்துப்பாலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 1317ஆவது குறளில் ஒருவன் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறான். தும்மினான். அவள் வழக்கம்போல வாழ்த்தினாள். அடுத்த நொடியே அழுதாள்: யார் உம்மை நினைத்ததால் தும்மினீர்? அத்தோடு குறள் முடிந்துவிடுகிறது. ஊடல் இப்படிப்பட்டது, காதலில் சந்தேகம் இயல்பு என்ற விளக்கம் ஒரு சொல்கூட இல்லை. ஒரு தும்மல், ஒரு வாழ்த்து, ஒரு அழுகை, ஒரு கேள்வி. வள்ளுவர் தன் வாழ்க்கையைச் சொன்னார் என்று இதற்கு அர்த்தமில்லை, பேசுவது ஒரு பாத்திரம். ஆனால் குட்டி நினைவுக்குறிப்பு எழுத விரும்புகிறவர் முன்மாதிரி தேடினால், அறத்துப்பாலைவிட இந்தப் பக்கம் வருவது நல்லது என்பேன்.

அதிர்ச்சி முடிவைத் தேடி அலைவது இன்னொரு தவறு. இதற்கு ஒரு பின்னணி உண்டு. விற்பனைக்கு வந்த, ஒருமுறையும் போடாத குழந்தைச் செருப்புகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஆறு சொல்லில் ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே பந்தயம் கட்டி எழுதியது என்று சொல்வார்கள். அவர்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் ஏதும் கிடைத்ததில்லை. அதைப் போன்ற வரிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்தித்தாள்களில் வந்திருக்கின்றன. அந்தக் கதையின் புகழைத் தொட்டுத்தான் 2006இல் அமெரிக்காவில் ஸ்மித் என்ற இணைய இதழ், உங்கள் வாழ்க்கையை ஆறு சொல்லில் சொல்லுங்கள் என்று வாசகர்களை அழைத்தது. 2008இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார்கள். வடிவம் அங்கிருந்து பரவியது. ஆனால் அந்தச் செருப்புக் கதையில் "நான்" இல்லை. அது வாசகரை ஒரே அடியில் வீழ்த்துவதற்காகச் செய்யப்பட்ட கதை. அதையே மாதிரியாக வைத்துக்கொள்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையிலும் மரணத்தையும் துரோகத்தையும் மட்டுமே தேடுகிறார்கள். கடைசிச் சொல்லில் வெடிக்க வேண்டும் என்பதற்காக நடந்ததைக் கொஞ்சம் வளைக்கவும் செய்கிறார்கள். பெரிய இழப்பு இல்லாதவருக்கும் எழுத நிறைய இருக்கிறது. மடித்து வைத்த போர்வையைத் திரும்பச் சுருட்டியது எந்தக் கணக்கிலும் பெரிய சம்பவம் கிடையாது.

சரி, சொல் எண்ணிக்கைக்கு வருவோம். ஆறு என்ற எண் ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழில் சொல்லை எண்ணுவதே வேறு கதை. "எழுதிக்கொண்டிருந்தேன்" என்று சேர்த்து எழுதினால் ஒன்று, "எழுதிக் கொண்டிருந்தேன்" என்று பிரித்தால் இரண்டு. இரண்டு பழக்கமும் புழக்கத்தில் இருக்கின்றன. எண்ணிக்கைக்காகச் சொற்களை ஒட்டியும் பிரித்தும் மல்லுக்கட்டுவது வீண். நம் மொழி ஒரு சொல்லுக்குள் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்வதில்தான் பலன் இருக்கிறது. அந்தக் கட்டில் நினைவையே ஆறு சொல்லாக்கிப் பார்த்தேன்:

"அண்ணன் இல்லாத கட்டிலிலும் என் பாதியில்தான் படுத்தேன்."

இந்த வாக்கியத்தின் உயிர் இரண்டு சின்ன ஒட்டுகளில் இருக்கிறது. "கட்டிலிலும்" என்பதில் உள்ள உம், முழுக் கட்டிலும் காலியாகக் கிடந்ததைச் சொல்கிறது. "பாதியில்தான்" என்பதில் உள்ள தான், அப்படியும் எல்லையைத் தாண்டவில்லை என்கிறது. இவற்றை எடுத்துவிட்டால் யாரோ ஒருவர் கட்டிலில் படுத்த தகவல் மட்டும் மிஞ்சும். உம், ஏ, ஓ, தான், கூட, மட்டும் ஆகியவற்றை இலக்கண வகுப்போடு விட்டுவிடாதீர்கள். குட்டி எழுத்தில் பாதி பாரத்தை இவைதான் சுமக்கும்.

"நான்" என்ற சொல்லும் அப்படித்தான். தமிழில் வினைமுற்றே யார் என்று சொல்லிவிடுகிறது. "படுத்தேன்" என்ற பிறகு "நான்" எதற்கு? ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்கினால் பத்து வரிக்குள் பத்துச் சொல் வீணாகும். மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அது வரட்டும். வினை கடைசியில் வருவதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். "படுத்தேன்" என்ற சொல் வரும்வரை, பாதியில் என்ன செய்தேன் என்பது வாசகருக்குத் தெரியாது. தாமதம் மொழியிலேயே இருக்கிறது, அதற்காகத் தனியாகத் திருப்பம் ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. அதேபோல "அழுதேன்" வேறு, "அழுதுவிட்டேன்" வேறு, "அழுதிருக்கிறேன்" வேறு. இரண்டாவதில் அடக்கப் பார்த்தது தெரிகிறது. மூன்றாவதில், இப்போது யோசித்துப் பார்க்கிற ஆள் தெரிகிறார். எது நடந்ததோ அதை எழுதுங்கள்.

நூறு, இருநூறு சொல் எழுதுகிறவர்கள் தொடக்கத்தில் கோட்டை விடுவார்கள். எந்த வருடம், எத்தனையாவது வகுப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று நாலு வரி போய்விடும். முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். புரிகிறதென்றால் அது வேண்டாம். இரண்டாவதையும் அப்படியே செய்து பாருங்கள். ஆனால் இதை எழுதும்போது செய்யாதீர்கள், எழுதி முடித்த பிறகு செய்யுங்கள். தொடக்கத்திலேயே சுருக்கமாக எழுத முயன்றால், நினைவுக்கு முதலில் வருகிற தேய்ந்த வரிகள்தான் கிடைக்கும். முதல் தடவை முன்னூறு சொல்லாவது தாராளமாக எழுதிவிட்டு, அப்புறம் வெட்டுவது நல்லது. போர்வை எனக்கு முதல் பக்கத்தில் கிடைக்கவே இல்லை.

இனி கொஞ்சம் சிக்கலான விஷயம். நம் வாழ்க்கையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். குட்டி எழுத்தில் நம் தரப்பை விளக்கவும் இடம் இருக்காது, அவர்கள் தரப்புக்கும் இடம் இருக்காது. ஒரு வரியில் ஒருவரைக் கொடுமைக்காரராக்கிவிடலாம். அவர் அதற்கு மேல் யார் என்று சொல்ல அடுத்த வரி கிடையாது. கோபத்தில் எழுதுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வெளியே கொடுப்பதற்கு முன்னால் சில நாள் கிடப்பில் போடுங்கள். இன்னொருவரின் நோய், திருமணம், கடன் ஆகியவை உங்கள் நினைவில் இருந்தாலும், வெளியே சொல்லும் முடிவை அவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

நினைவு தவறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சரியாகத் தெரியாத இடத்தில் "என்று நினைவு" என்ற இரண்டு சொல்லைச் சேர்ப்பது எழுத்தைக் கெடுத்துவிடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல நிறமும் நேரமும் சேர்த்து எழுதுவதுதான் கெடுக்கும். உடன் இருந்தவர் யாராவது இருந்தால் படித்துக் காட்டுங்கள். அண்ணனிடம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "போர்வையைச் சுருட்டிப் போட்டது நான் மட்டுமா? முதல்ல போட்டது நீதானே" என்றான். எனக்கு அப்படி நினைவே இல்லை. அவனுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். அன்றிரவு பத்தியில் ஒரு விகுதியை மட்டும் மாற்றினேன். "வகுத்திருந்தான்" என்பது "வகுத்திருந்தோம்" ஆயிற்று.