பழைய வெஸ்டர்ன் சீரிஸ்ல ஒரு எபிசோட் பார்த்துட்டு உருப்படியா கருத்து சொல்றது எப்படி

எபிசோட் முடிஞ்ச கையோட "செம", "மொக்க"ன்னு ஒத்த வார்த்தை போட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, அடுத்து அதைப் பார்க்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவருக்கு அந்த வார்த்தையால ஒரு பிரயோஜனமும் இல்ல. எந்த சீன் பிடிச்சுது, ஏன் பிடிச்சுது, எங்க சொதப்புச்சுன்னு காட்டணும். இதுக்கு நான் தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்ங்கிற அமெரிக்க கவ்பாய் டிவி சீரிஸையே உதாரணமா எடுத்துக்குறேன், எனக்கு உயிர் அது. சிபிஎஸ் சேனல்ல 1965ல ஆரம்பிச்சு 1969 வரைக்கும் நாலு சீசன், 104 எபிசோட். 1870கள்ல அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் காலத்துல நடக்குற கதை, ஜேம்ஸ் வெஸ்ட், ஆர்ட்டெமஸ் கார்டன்னு ரெண்டு சீக்ரெட் ஏஜென்ட், அவங்களுக்குன்னு தனி ரயில், குதிரை மேல ஏறின ஜேம்ஸ் பாண்ட் மாதிரி இருக்கணும்னு நெனச்சுதான் மைக்கேல் கேரிசன் இதை உருவாக்குனார்.

முதல்ல எந்த சீசன்னு பாருங்க. முதல் சீசன் 28 எபிசோடும் பிளாக் அண்ட் ஒயிட், ரெண்டாவதுல இருந்துதான் கலர். கலர் வந்ததும் கதையும் கொஞ்சம் விசித்திரமான பக்கம் போயிடும், அதனால முதல் சீசன் எபிசோட பார்த்துட்டு மொத்த சீரிஸும் இப்படித்தான்னு எழுதாதீங்க. டிவி செட்டிங்கும் முக்கியம், அந்தக் காலத்து ஸ்கிரீன் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுடுங்க, படத்தை ஜூம் பண்ணிப் பார்த்தா மேலயும் கீழயும் வெட்டுப்படும், அடுத்து நான் சொல்லப்போற விஷயமே உங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

அதாவது டைட்டில் கார்ட்டூன்ல நடுவுல ஹீரோ நிப்பான், சுத்தி நாலு மூலைல நாலு கட்டம் இருக்கும். ஒவ்வொரு விளம்பர இடைவேளை வரும்போதும் ஓடிக்கிட்டிருக்கிற சீன் அப்படியே உறைஞ்சு ஓவியமா மாறி ஒரு மூலைல போய் உக்காந்துக்கும், கடைசில நாலு மூலையும் நிரம்பியிருக்கும். கருத்து எழுத இதைவிட நல்ல குறிப்பு வேற கிடையாது. ஒவ்வொரு தடவை உறையும்போதும் நிறுத்தி ஒரு வரி எழுதிக்கோங்க, ஹீரோ என்ன சிக்கல்ல மாட்டியிருக்கான், இடைவேளை முடிஞ்சு வந்ததும் அதுல இருந்து மூளைய வச்சு தப்பிச்சானா இல்ல சும்மா ஏதோ அதிர்ஷ்டத்துல தப்பிச்சானா? நாலு வரியையும் சேர்த்துப் பார்த்தா திரைக்கதை எங்க தொங்குச்சுன்னு பளிச்சுனு தெரிஞ்சிடும். மூணாவது மூலை நிரம்புறவரைக்கும் வில்லனோட திட்டம் என்னன்னே புரியலைன்னா, அந்த எபிசோட் எழுத்துல கோட்ட விட்டுருக்குன்னு தைரியமா சொல்லலாம்.

அடுத்து வில்லன், என்னைக் கேட்டா இந்த சீரிஸ்ல பாதி மதிப்பெண் இதுக்குத்தான். டாக்டர் லவ்லெஸ்ஸா வர்ற மைக்கேல் டன்னைப் பாருங்க, 1965 அக்டோபர்ல வந்த 'தி நைட் தி விசார்ட் ஷூக் தி எர்த்'லதான் அறிமுகம், அதோட சேர்த்து மொத்தம் பத்து எபிசோட். உயரம் நாலடிக்கும் கம்மி, ஆனா அவர் ஃபிரேமுக்குள்ள வந்துட்டா வேற யாரையும் பார்க்கத் தோணாது. அவருக்குன்னு ஒரு காயம் இருக்கு, கலிபோர்னியால தன் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நிலத்தைப் பறிச்சுட்டாங்கங்கிற கோபம். ஆரம்பத்துல வந்த லவ்லெஸ் எபிசோடுகள்ல நடிகை ஃபீபி டோரின் கூட உக்காந்து பாட்டுப் பாடுவார், நிஜ வாழ்க்கைலயும் ரெண்டு பேரும் கிளப்புகள்ல சேர்ந்து பாடினவங்க, அவ்ளோ இனிமையாப் பாடுற மனுஷன் அடுத்த சீன்லயே ஊரை அழிக்கிறதைப் பத்திப் பேசும்போது நமக்கு வர்ற அந்தப் பதட்டத்தைத்தான் நீங்க எழுதணும். "வில்லன் நல்லா நடிச்சிருக்கார்"னு எழுதுனா அது எந்த எபிசோடுக்கும் பொருந்தும். அதே மாதிரி நடிகை ஆக்னஸ் மூர்ஹெட் 1967ல இந்த சீரிஸோட ஒரு எபிசோடுக்கு எம்மிங்கிற டிவி விருது வாங்குனாங்க, விருது வாங்குனது தெரிஞ்ச உடனே உங்க கருத்தை மாத்திக்காதீங்க, பார்த்தப்போ என்ன தோணுச்சோ அதையே எழுதுங்க.

சண்டை ஜாஸ்தின்னு சொல்றவங்க இருக்காங்க, நியாயம்தான், வன்முறைக்கு எதிரா வந்த அழுத்தமும் சேர்ந்துதான் 1969ல சீரிஸையே நிறுத்துனாங்க. ஆனா ஜேம்ஸ் வெஸ்ட்டா நடிச்ச ராபர்ட் கான்ராட் பெரும்பாலும் டூப் இல்லாம தானே பண்ணுன சண்டைங்க இது, 1968 ஜனவரில ஒரு தொங்குவிளக்குல இருந்து கீழ விழுந்து தலைல பலமா அடிபட்டு அந்த சீசன் படப்பிடிப்பே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் எடுத்ததுல டூப் ஜாஸ்தி தெரிவாங்க. நாலாவது சீசன்ல கார்டனா நடிச்ச ராஸ் மார்ட்டினுக்கு மாரடைப்பு வந்து கொஞ்ச நாள் வரல, அந்த இடத்துல சார்லஸ் எய்ட்மன் மாதிரி வேற ஆளுங்க வர்றாங்க. இது தெரியாம "கார்டன் எங்க, ஏன் ஆளை மாத்துனாங்க"ன்னு திட்டுறது பாவம், அந்தப் புது ஆள் ஜேம்ஸ் வெஸ்ட் கூட எப்படி ஒத்துப்போறார்ங்கிறதை மட்டும் பாருங்க.

உறுத்துற விஷயத்தை மறைக்காதீங்க. வெள்ளைக்கார நடிகர்களுக்கு மேக்கப் போட்டு அமெரிக்கப் பழங்குடியாவும் சீனராவும் காட்டுறது அப்போ சர்வசாதாரணம். டைட்டில் கார்ட்டூன்லயே முதல் சீசன்ல கத்தியோட வர்ற பொண்ணை ஹீரோ முத்தம் குடுத்து மயக்குவான், அடுத்த சீசன்ல இருந்து அடிச்சே கீழ தள்ளுவான். அந்தக் காலம் அப்படின்னு தட்டிக்கழிக்காம, எந்த சீன்ல, யார், எப்படின்னு குறிப்பா எழுதுங்க, அதுக்காக மீதி எபிசோட்ல நல்லா இருக்கிறதையும் விட்டுடாதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா படிக்கிறவரே முடிவு பண்ணிப்பார்.

ஸ்பாய்லருக்கு, அதாவது பார்க்காதவங்ககிட்ட கதையை எவ்ளோ சொல்லலாம்ங்கிறதுக்கு, என் கணக்கு, ரெண்டாவது மூலை நிரம்புற வரைக்கும் கதையைச் சொல்லலாம், அதுக்கு மேல சொல்லணும்னா முன்னாடியே ஒரு எச்சரிக்கை போட்டுடுங்க. தலைப்பை முழுசா எழுதுங்க, சீசன் நம்பரும் சேர்த்து, ஏன்னா இந்த சீரிஸ்ல எல்லாத் தலைப்பும் 'தி நைட்'னுதான் ஆரம்பிக்கும், பாதி தலைப்பை வச்சுக்கிட்டு எந்த எபிசோடுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.